தூக்கமும் சிகிச்சைதான்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நீயும் பத்து நிமிஷம் பேசணும்ப்பா" என்று செயலாளர் போனில் சொன்னபோது, கம்ப்ரசர், பம்ப், பிரிவென்டிவ் மெயின்டெனன்ஸ் என்று ஏதாவது பேசுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார். ஆனால் கொஞ்ச நாளாக நாம் கூடும்போது டீ நேரத்தில் என்ன பேசிக்கொள்கிறோம்? படிப்பு முடித்த புதிதில் வேலை, சம்பளம் பேசினோம். பிறகு கல்யாணம், குழந்தை, வீட்டுக் கடன். இப்போது அப்பாவுக்குக் கீமோ, மாமியாருக்கு ரேடியேஷன், சித்தப்பாவுக்கு ஆபரேஷன். நமக்கு முப்பதைத் தாண்டிவிட்டது. நம்மை வளர்த்தவர்களுக்கு அறுபது, எழுபது ஆகிறது. அதனால் இன்று மெஷினைப் பற்றிப் பேசவில்லை. புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கும் ஒரு பெரியவரை ராத்திரியில் தூங்க வைப்பது எப்படி என்பதைப் பற்றிப் பேசப்போகிறேன்.

நான் டாக்டர் இல்லை. கடம்பத்தூரில் எங்கள் பெரியப்பாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் வந்து, ஆபரேஷன் முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கீமோ என்று எட்டு சைக்கிள் ஆனது. அந்த ஆறு மாதமும் கூட இருந்தவன் நான். டாக்டர்களிடம் கேட்டதும், படித்ததும், நாங்கள் செய்து பார்த்துப் பலன் கண்டதும் கொஞ்சம் இருக்கிறது. அதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

யாரும் கேட்காத கேள்வி

நம் ஊருக்குப் புற்றுநோய் வைத்தியம் புதிதல்ல. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954 ஜூன் மாதம் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை வெறும் 12 படுக்கைகளோடு திறக்கப்பட்டது. 1955-இல் அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021 ஜனவரியில் மறையும் வரை அந்த வளாகமே வீடு என்று வாழ்ந்தார். கோபால்ட் கதிர்க் கருவியில் தொடங்கி, இன்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு மில்லிமீட்டர் சுத்தமாகக் கதிர் பாய்ச்சும் லீனியர் ஆக்சிலரேட்டர் வரை வந்துவிட்டோம்.

ஆனால் ஓ.பி.யில் டாக்டர் முன்னால் உட்காரும் அந்த ஐந்து நிமிஷத்தில் என்ன பேசுகிறோம்? வாந்தி இருக்கா, பேதி இருக்கா, ரத்த அணு எவ்வளவு, ஸ்கேன் எப்போ. "ராத்திரி தூங்கறாரா?" என்ற கேள்வி பெரும்பாலும் வருவதில்லை. டாக்டருக்கு வெளியே நூறு பேர் காத்திருக்கிறார்கள். நாமும் சொல்வதில்லை. "கேன்சர் வந்தவருக்கு எப்படித் தூக்கம் வரும்?" என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம்.

அந்த முடிவு தப்பு. புற்றுநோயாளிகளில் மூன்றில் ஒருவர் முதல் பாதிப் பேர் வரை தூக்கமின்மையால் அவதிப்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. அதாவது நோய் இருந்தும் தூங்குகிறவர்களும் பாதிப் பேர் இருக்கிறார்கள். நோய் வந்தால் தூக்கம் போய்த்தான் ஆக வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1986-இல் புற்றுநோய் வலி பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. வலி வைத்தியத்துக்கு அதில் மூன்று இலக்கு வைத்தார்கள். மூன்றாவது, நடமாடும்போது வலி இல்லாமல் இருப்பது. இரண்டாவது, சும்மா இருக்கும்போது வலி இல்லாமல் இருப்பது. முதலாவது எது தெரியுமா? ராத்திரி வலியில்லாமல் தூங்கும் நேரத்தை அதிகமாக்குவது. தூக்கத்தைத்தான் முதல் படியாக வைத்தார்கள்.

நான்காவது சைக்கிள் முடிந்ததும் எங்கள் பெரியப்பா சொன்ன வார்த்தை இது: "ஊசி எல்லாம் போதும்டா. ஒரு ராத்திரி தூங்கினா போதும் எனக்கு." பாதி வைத்தியத்தோடு நிறுத்திவிடலாம் என்று வீட்டில் இரண்டு பேர் சொல்லவும் ஆரம்பித்தார்கள். வாந்தியைக்கூட அவர் தாங்கினார். தூக்கம் இல்லாததைத் தாங்க முடியவில்லை. எனவே தூக்கம் என்பது வசதிக்கான விஷயம் இல்லை. சிகிச்சை முழுசாக முடியுமா, பாதியில் நிற்குமா என்பதே சில வீடுகளில் அதில்தான் இருக்கிறது.

ஒரு நாற்பது பக்க நோட்டு

"சார், மெஷின் ஓடலை" என்று ஆபரேட்டர் வந்து சொன்னால் நாம் என்ன செய்வோம்? எப்போ நின்னுது, லோடு எவ்வளவு, டிரிப் ஆச்சா, சத்தம் வந்துதா என்று கேட்போம். லாக் புக்கைப் பார்ப்போம். "தூக்கம் வரலை" என்பதும் அப்படித்தான். அது ஒரு வார்த்தை. அதற்குள்ளே ஐந்தாறு காரணம் ஒளிந்திருக்கும். படுத்தவுடன் தூக்கம் வராதது வேறு. தூங்கி நடுவில் எழுவது வேறு. மூன்று மணிக்கே விழித்துக்கொள்வது வேறு.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். படுத்த நேரம், ஏறக்குறைய தூங்கிய நேரம், எத்தனை தடவை எழுந்தார், எதற்கு எழுந்தார், காலையில் எழுந்த நேரம், பகலில் தூங்கிய நேரம், எந்த மாத்திரை எத்தனை மணிக்கு. இவ்வளவுதான். ராத்திரி கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுத வேண்டாம். அதுவே தூக்கத்தைக் கெடுக்கும். காலையில் காபி குடிக்கும்போது ஞாபகத்திலிருந்து எழுதினால் போதும். இரண்டு வாரம், முடிந்தால் ஒரு முழு சைக்கிள் எழுதுங்கள். அந்தப் பக்கத்தை டாக்டர் முன்னால் வைத்தால் அரை நிமிஷத்தில் அவருக்கு விஷயம் புரியும். "சரியாவே தூங்கறதில்லை சார்" என்று சொல்வதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

எங்கள் நோட்டில் முதலில் தெரிந்தது இது. கீமோ போட்ட அன்றும் அடுத்த இரண்டு மூன்று ராத்திரியும் பொட்டுத் தூக்கம் இல்லை. பிறகு கொஞ்சம் தேவலை. அடுத்த சைக்கிளிலும் அதே கதை. கீமோவோடு வாந்தி, ஒவ்வாமை வராமலிருக்க டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பது வழக்கம். நல்ல மருந்துதான், அவசியமானதும்கூட. ஆனால் அது உடம்பை விழிப்பாக வைக்கும். ஒன்றரை நாளுக்கு மேலும் அதன் வேலை நீடிக்கும். சீட்டில் 1-0-1 என்று இருந்தது. ராத்திரி எட்டரைக்கு ஒன்று விழுங்கிவிட்டுப் படுத்துக்கொண்டிருந்தார். நோட்டைப் பார்த்த டாக்டர், காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று என்று மாற்றிக் கொடுத்தார். மாத்திரையும் அதேதான், அளவும் அதேதான்; நேரம் மட்டும் மாறியது. அடுத்த சைக்கிளில் நாலைந்து மணி நேரம் தூங்கினார். தயவுசெய்து இதை நீங்களாகவே மாற்றாதீர்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. கேட்டு மாற்றுங்கள்.

இரண்டாவது, கால். படுத்தால் கால் சும்மா இருக்காது. உள்ளே என்னவோ ஊர்கிற மாதிரி, ஆட்டினால்தான் நிம்மதி என்பார். வயசான கோளாறு என்று பெரியம்மா தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். குடலில் கட்டி இருப்பவர்களுக்குத் தெரியாமலே ரத்தம் கசிந்து உடம்பில் இரும்புச்சத்து இறங்கிப்போகும். இரும்பு குறைந்தால் இந்தக் கால் தொந்தரவு வரும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு போன்ற மருந்தும் சிலருக்கு இப்படி ஓரிடத்தில் இருக்க முடியாத தவிப்பைக் கொடுக்கும். எது என்று டாக்டர்தான் பார்க்க வேண்டும். பெரியப்பாவுக்கு ரத்தப் பரிசோதனையில் இரும்புதான் குறைவு என்று தெரிந்தது. அதற்கு மருந்து ஏற்றினார்கள். சில வாரத்தில் கால் அடங்கியது.

மூன்றாவது, வலி. நம் ஜனங்களுக்கு வலி மாத்திரை என்றால் பயம். "தாங்க முடியலேன்னா போட்டுக்கலாம்" என்று தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார்கள். வலி உச்சத்துக்குப் போன பிறகு போட்டால் அடங்க நேரம் ஆகும். அதற்குள் தூக்கம் போய்விடும். புற்றுநோய் வலிக்கு மாத்திரை கடிகாரத்தைப் பார்த்துப் போட வேண்டியது, வலியைப் பார்த்து அல்ல. இதுவும் அந்த 1986 வழிகாட்டி சொன்னதுதான். மார்ஃபின் எழுதிக் கொடுத்தால் "கடைசிக் கட்டம் போலிருக்கு", "போதைக்கு அடிமையாகிவிடுவார்" என்று பயப்படாதீர்கள். டாக்டர் கண்காணிப்பில் வலிக்குத் தேவையான அளவு எடுப்பது வேறு, போதை வேறு. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கெடுபிடியால் நம் நாட்டில் மார்ஃபின் கிடைப்பதே பல காலம் குதிரைக்கொம்பாக இருந்தது. 2014-இல் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கினார்கள். மார்ஃபின் எடுத்தால் மலச்சிக்கல் வரும். அதற்கும் சேர்த்தே மருந்து கேட்டு வாங்குங்கள். மலச்சிக்கலும் தூக்கத்தைக் கெடுக்கும்.

நான்காவது, ராத்திரி நான்கு தடவை பாத்ரூம். கீமோ நாட்களில் நிறைய தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். அந்தத் தண்ணீரைக் காலையிலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்குள் குடித்து முடிக்கலாம். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதைக் காலையில் போடலாமா என்று கேளுங்கள். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை தரையில் மிதியடி, ஒயர் எதுவும் வேண்டாம். வழியில் தரையோரமாகச் சின்ன மஞ்சள் விளக்கு ஒன்று போதும். பெரிய டியூப்லைட்டைப் போட்டால் மூளை "விடிஞ்சுபோச்சு" என்று எடுத்துக்கொள்ளும்.

மார்பகப் புற்றுநோய்க்கும் புராஸ்டேட் புற்றுநோய்க்கும் ஹார்மோன் மருந்து எடுப்பவர்களுக்கு ராத்திரியில் திடீரென்று உடம்பு கொதித்து வியர்த்துக் கொட்டும். அம்மாக்கள் இதை வெளியே சொல்ல மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும். அதற்கும் மருந்து உண்டு.

ராத்திரியின் வேலை காலையில் தொடங்குகிறது

தூக்கத்தை நடத்துபவை இரண்டு. ஒன்று, விழித்திருக்கும் நேரம் ஆக ஆக உடம்பில் ஏறும் தூக்க அழுத்தம். மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறுகிற மாதிரி. இன்னொன்று, மூளைக்குள் இருக்கும் கடிகாரம். இரண்டும் சேர்ந்தால்தான் தூக்கம் என்று அலெக்சாண்டர் போர்பெலி என்ற விஞ்ஞானி 1982-இல் சொன்னார். அந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சிகிச்சையில் இருப்பவருக்கு இரண்டும் கெட்டுப்போகிறது. களைப்பில் பகல் முழுக்கப் படுத்திருப்பார். தொட்டியில் ஏறிய தண்ணீர் பகலிலேயே வடிந்துவிடும். ஜன்னலைச் சாத்தி, "அவரு ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று இருட்டாக்கி வைப்போம். கடிகாரத்துக்குப் பகல் எது, இரவு எது என்று தெரியாமல் போய்விடும். டியூப்லைட் போட்ட அறையில் வெளிச்சம் இருநூறு, முந்நூறு லக்ஸ்தான். வெளித் திண்ணையில் நிழலில் உட்கார்ந்தாலே ஆயிரக்கணக்கில் வரும். காலை ஏழு மணிக்கு ஒரு நாற்காலியைத் திண்ணையில் போட்டு அரை மணி நேரம் உட்கார வையுங்கள். பேப்பர் படிக்கட்டும், கீரை ஆயட்டும். காசு செலவில்லாத வைத்தியம் இது. முடிந்தால் வாசல்வரை பத்து நிமிஷம் நடை. பகல் தூக்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று மணிக்குள் அரை மணி நேரம் போதும். காபி, டீ மதியத்தோடு சரி. காபியில் இருக்கும் கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஐந்து மணி டீயில் பாதி, ராத்திரி பத்து மணிக்கும் உடம்பில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒன்பதுக்குப் படுத்துப் பன்னிரண்டு வரை புரளுவதைவிட, பத்தரைக்குப் படுத்துப் பதினொன்றுக்குத் தூங்குவது மேல். இருபது நிமிஷம் போல் படுத்தும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்துவிட வேண்டும் என்பது ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972-இல் சொன்ன வழி. படுக்கை என்றால் தூக்கம் என்று மனசுக்குப் பழக வேண்டும். படுக்கை என்றால் புரளல் என்று பழகக்கூடாது. உடம்பு தள்ளாதவரை நடக்க வைக்க வேண்டாம். தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்து, மங்கின வெளிச்சத்தில் ரேடியோவைச் சின்னதாகப் போடுங்கள். கண் சொக்கும்போது படுக்கட்டும். இந்த மாதிரிப் பழக்கங்களை முறையாகச் சொல்லிக் கொடுக்கும் பயிற்சியைத்தான், நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கும் முன்னால் தர வேண்டும் என்று அமெரிக்க டாக்டர்கள் சங்கம் ஒன்று 2016-இல் பரிந்துரைத்தது.

அறையும் வார்டும்

இந்த இடத்தில் நம் படிப்பு கொஞ்சம் உதவுகிறது. மருத்துவமனை வார்டில் இரவில் சராசரி 30 டெசிபல்தான் இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி, இரவு பத்து முதல் காலை ஆறு வரை குடியிருப்புப் பகுதிக்கு 45, மருத்துவமனைப் பக்கத்துக்கு 40, தொழிற்பேட்டைக்கு 70. பத்து டெசிபல் ஏறினால் ஒலியின் சக்தி பத்து மடங்கு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடம்பத்தூரில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வீடு. ராத்திரி முழுக்க எக்ஸ்பிரசும் கூட்ஸும் போகும். "எங்களுக்குப் பழகிப்போச்சு" என்போம். ஆரோக்கியமாக இருக்கும்வரை பழகும்; அரைத் தூக்கத்தில் இருக்கும் நோயாளி ஒவ்வொரு ஹார்னுக்கும் விழிப்பார். தண்டவாளத்துப் பக்க அறையிலிருந்து பின்பக்க அறைக்குக் கட்டிலை மாற்றினோம். ஒரு சுவர் குறுக்கே வந்ததும் சத்தம் நன்றாகக் குறைந்தது. பேன் சத்தம் ஒரே சீராக இருப்பதால் அது தொல்லை இல்லை; திடீர் சத்தத்தை அது கொஞ்சம் மறைக்கவும் செய்யும்.

வெயில் காலத்தில் கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி பதினொரு மணி வரை கீழே விட்டுக்கொண்டிருக்கும். மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் சூடு உள்ளே வருவதே குறையும். படுப்பதற்கு ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு முன் வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்பு துடைத்துவிட்டால், பிறகு உடம்பு சூடு இறங்கும்போது தூக்கம் தானே வரும். கொசுவலை கட்டாயம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பெருங்குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து போட்ட சில நாட்களுக்குக் குளிர்ச்சி பட்டாலே கை, கால், தொண்டை எல்லாம் சுருக்கென்று குத்தும். சூடு என்று பாவப்பட்டு ஏ.சி.யை ஏற்றி வைத்து ஜில் தண்ணீர் கொடுத்தால் அவருக்கு அது தண்டனை. காலுக்கு சாக்ஸ், குடிக்க வெந்நீர்.

வார்டில் நம் கையில் இருப்பது கொஞ்சம்தான். ஆனால் மரியாதையாகக் கேட்டால் நர்ஸ் அக்காக்கள் உதவுவார்கள். "சிஸ்டர், இரண்டு மணிக்கு ஆன்டிபயாடிக் போட வரும்போதே பி.பி.யும் பார்த்துடலாமா?" என்று கேட்டால், மூன்று தடவை எழுப்புவது ஒரு தடவையாகும். கண்ணுக்கு மேல் மடித்த துண்டு, காதில் பஞ்சு. இரண்டும் வீட்டிலிருந்தே கொண்டுபோகலாம்.

கடம்பத்தூரிலிருந்து சென்னைக்கு விடியற்காலை ரயிலைப் பிடிக்க மூன்றரைக்கு எழுப்புவோம். பெரியவர் "ரயிலை விட்டுடுவோமோ" என்று ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டார். ஃபைல், ரிப்போர்ட், டிஃபன் டப்பா எல்லாவற்றையும் சாயங்காலமே பையில் போட்டு அவர் கண்ணில் காட்டிவிடுங்கள். சென்னையில் சொந்தக்காரர் வீடு இருந்தால் முதல் நாளே போய்த் தங்குவது நல்லது.

மாத்திரையைப் பற்றி ஒரு எச்சரிக்கை

"மெடிக்கல் ஷாப்ல கேட்டு ஒரு தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துடலாமே" என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். வயசானவருக்கு அது ராத்திரி தடுமாறிக் கீழே விழ வழி வைக்கும். மனக் குழப்பமும் வரும். மார்ஃபின் எடுப்பவராக இருந்தால் இரண்டும் சேர்ந்து மூச்சையே மந்தமாக்கும். சளிக்குப் போடும் அவில் போன்ற மாத்திரையைத் தூக்கத்துக்குக் கொடுப்பதும் வேண்டாம்; குழப்பமும் சிறுநீர் அடைப்பும் வரலாம். டாக்டரே எழுதிக் கொடுத்தால் அது வேறு. அவர் மற்ற மருந்துகளையும் பார்த்துத்தான் கொடுப்பார். இன்னொரு "மருந்தும்" சிலருக்குத் தெரியும். இங்கே சிரிப்பவர்களுக்கு நான் பெயர் சொல்ல வேண்டியதில்லை. அது முதல் பாதி ராத்திரி தூங்க வைத்து, இரண்டாம் பாதியில் எழுப்பிவிடும். கீமோ நேரத்தில் ஈரலுக்கும் ஆகாது.

சில விஷயங்களில் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், ராத்திரி எந்த நேரமானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். திடீரென்று ஆள் தெரியாமல் பேசுவது, படுத்தால் மூச்சு முட்டி உட்கார்ந்தே இருப்பது, இவையும் அப்படித்தான். அதெல்லாம் தூக்கமின்மை அல்ல. வேறு ஆபத்தின் அறிகுறி.

இரண்டு மணிக்கு என்ன பேசுவது?

இவ்வளவும் செய்த பிறகும் பெரியப்பா நோட்டில் ஒரு வரி மட்டும் தினமும் வந்தது: "ராத்திரி 2 மணி, விழிப்பு." விவசாயி அவர். பம்ப்செட்டுக்கு த்ரீ பேஸ் கரண்ட் நடுராத்திரியில் வந்த காலத்தில் எல்லாம் எழுந்து போய் நெல்லுக்கும் வேர்க்கடலைக்கும் தண்ணீர் பாய்ச்சியவர். பழக்கம் என்று நினைத்தோம். பழக்கம் பாதிதான்.

நம் வீடுகளில் பெரியவருக்கு வந்திருப்பது என்ன என்று அவரிடம் மட்டும் சொல்ல மாட்டோம். "கட்டி", "புண்" என்போம். அவர் ஓ.பி. வாசலில் போர்டைப் படிக்கிறார். பக்கத்துப் படுக்கைக்காரர் பேசுவதைக் கேட்கிறார். அவருக்குத் தெரியும். நமக்காகத் தெரியாத மாதிரி இருக்கிறார். பகலில் ஆள் நடமாட்டத்தில் அது அமுங்கிக் கிடக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அவர் தனியாக அதோடு படுத்திருப்பார்.

ஒரு ராத்திரி கேட்டார். "ஏன்டா, எனக்கு வந்திருக்கிறது அந்த வியாதிதானே?"

"ஆமா பெரியப்பா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நிலத்துப் பத்திரம் உன் அண்ணன் பேர்ல மாத்தணும். கூட்டுறவு பேங்க்ல நகைக் கடன் ஒண்ணு இருக்கு, உங்க பெரியம்மாவுக்குத் தெரியாது. அதான் யோசனை" என்றார்.

"நாளைக்கே பார்த்துடலாம் பெரியப்பா. நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்."

சொன்னார், எழுதிக்கொண்டேன். மறு வாரம் டாக்டரிடம் அவரே நேராகக் கேட்டார். நோய் எந்த நிலை, சிகிச்சையால் என்ன பலன் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அதற்குப் பிறகும் இரண்டு மணிக்கு விழித்தார். ஆனால் திரும்பத் தூங்கினார். எட்டு சைக்கிளையும் முடித்தார். இப்போது செக்கப்புக்கு மட்டும் போய்வருகிறார்.

எல்லாரிடமும் எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவர் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். "என்ன யோசனை?" என்று நீங்களும் கேளுங்கள். லண்டனில் 1967-இல் முதல் நவீன ஹாஸ்பிஸ் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், வலி என்பது உடம்பு வலி மட்டுமல்ல. மனசு, குடும்பம், பணம், நம்பிக்கை எல்லாம் சேர்ந்ததுதான் முழு வலி என்றார். கடன் கவலைக்கு மார்ஃபின் கேட்காது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு கால் மணி நேரம், "இன்னைக்கு என்ன கவலை?" என்று கேட்டு நோட்டில் எழுதிவிடுங்கள். அந்தக் கவலை ராத்திரி படுக்கைக்கு வருவது குறையும். நாள் முழுக்க மனச்சோர்வாகவே இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். டெலி-மானஸ் 14416 எண்ணில் தமிழிலும் பேசலாம். வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்பு நர்ஸ் வீட்டுக்கே வருகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்யலாம்.

கூட இருப்பவரின் தூக்கம்

கடைசியாக ஒன்று. நம் கம்பெனியில் ஒருவரைத் தொடர்ந்து முப்பது நாள் நைட் ஷிஃப்ட் போட்டால் யூனியன் கேட்டில் வந்து நிற்கும். ஆனால் நம் வீட்டில் ஓர் அம்மா, ஒரு பெரியம்மா, ஆறு மாதம் தொடர்ந்து நைட் ஷிஃப்ட் பார்க்கிறார். வார்டில் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்து, டிரிப்ஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே விடிய வைக்கிறார். காலையில் அவரேதான் கஞ்சி வைக்கிறார். தூக்கம் இல்லாமல் மாத்திரை மாற்றிக் கொடுத்தால் யாரைக் குறை சொல்வது? வீட்டில் இருக்கிற ஆட்களை வைத்து ஏ, பி, சி என்று ஷிஃப்ட் போடுங்கள். வாரத்துக்கு இரண்டு ராத்திரியாவது ஆண்பிள்ளைகள் நைட் எடுங்கள். நைட் ஷிஃப்ட் நமக்குப் புதுசா என்ன?

அதிலிருந்தே என் வேண்டுகோளும் வருகிறது. நம் சங்கத்தில் கடம்பத்தூர், திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி, சென்னை என்று நிறைய பேர் இருக்கிறோம். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் நண்பர்களின் அப்பா அம்மா இங்கே தனியாகச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மாதத்தில் ஒரே ஒரு ராத்திரி, ஒரு நண்பனின் அப்பாவுக்கு வார்டில் துணையாக இருக்க யார் யார் தயார் என்று ஒரு பட்டியல் போடுவோம். அன்று அந்த வீட்டு அம்மா வீட்டுக்குப் போய்த் தூங்கட்டும். அதற்கான நோட்டு வரவேற்பு மேஜையில் இருக்கிறது. முதல் பெயரை நான் எழுதியிருக்கிறேன். சாப்பாட்டுக்குப் போகும் வழியில் உங்கள் பெயரையும் போன் நம்பரையும் எழுதிவிட்டுப் போங்கள்.